கர்ப்பிணியிடம் வீட்டு வன்முறை பற்றிக் கேட்கும் கேள்வித்தாள்கள்: எது தேறும், எது தேறாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மகப்பேறு மருத்துவமனையிலோ ஒரே ஒரு கேள்வித்தாளுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஏ.ஏ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அப்யூஸ் அசெஸ்மென்ட் ஸ்கிரீனை எடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுநிலைப் படிப்புக்கான ஆய்வு என்றால் இவை இரண்டும் போதாது, அதைப் பின்னால் பார்ப்போம். இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழும் ஹிட்ஸ் தாளை மட்டும் கர்ப்பிணிகளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கிராம சுகாதார செவிலியர், மருத்துவமனை ஆலோசகர், நர்சிங் மற்றும் சமூகப்பணி மாணவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். கருவியைக் குறை சொல்லும் முன் ஒரு கணக்கு. தேசிய குடும்ப நல ஆய்வின் 5ஆம் சுற்று (2019–21) தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் எப்போதாவது கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகப் பதிவு செய்தது. இந்திய அளவில் இது 29.3. கர்ப்பமாக இருக்கும்போதே அடி வாங்கியவர்கள் இந்திய அளவில் 3.1 சதவீதம். வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம் மட்டுமே. வாழ்நாள் வன்முறையைக் கேட்ட உங்கள் ஆய்வில் நூறு பேரில் ஒருவரோ இருவரோதான் 'ஆம்' என்றார்கள் என்றால், அந்த ஊர் ஆண்கள் எல்லாரும் தங்கம் என்று எழுதிவிடாதீர்கள். கேட்ட விதத்தைப் போய்ப் பாருங்கள்.

ஏ.ஏ.எஸ்.

அமெரிக்காவில் செவிலிய ஆய்வாளர்கள் கூட்டாக 1989ல் உருவாக்கியது. ஜூடித் மெக்ஃபார்லேனும் பார்பரா பார்க்கரும் ஹூஸ்டன், பால்டிமோர் நகரங்களின் பொதுச் சிகிச்சை மையங்களில் 691 கர்ப்பிணிகளிடம் இதைப் பயன்படுத்தி 1992ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறில் ஒருவர் அந்தக் கர்ப்பத்தின்போதே அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருந்தார். கர்ப்பிணிகளுக்கென்றே சோதித்துப் பார்க்கப்பட்ட தாள் என்பதுதான் இதன் முதல் தகுதி.

கேள்விகள் 5. கணவரோ உங்களுக்கு முக்கியமான வேறு யாரோ எப்போதாவது உடலளவில் அல்லது மனதளவில் துன்புறுத்தியிருக்கிறார்களா. கடந்த ஓராண்டில் யாராவது அடித்தது, அறைந்தது, உதைத்தது உண்டா. கர்ப்பமான பிறகு உண்டா. கடந்த ஓராண்டில் யாராவது விருப்பமில்லாமல் உடலுறவுக்குக் கட்டாயப்படுத்தினார்களா. கணவரைப் பார்த்தோ வேறு யாரையாவது பார்த்தோ பயமாக இருக்கிறதா. ஆம், இல்லை என்று பதில். ஒரு 'ஆம்' வந்தாலே போதும், அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து பேசியாக வேண்டும். கூட்டல் கழித்தல் கிடையாது. புறநோயாளிகள் பிரிவில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது இது எவ்வளவு பெரிய சலுகை என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

நம் ஊருக்கு இது பொருந்த இன்னொரு காரணம், 'யாராவது' என்று கேட்பது. மற்ற தாள்களில் பெரும்பாலானவை கணவர் அல்லது துணைவரைத்தான் கேட்கும். கூட்டுக் குடும்பத்தில் மருமகளைச் சாப்பிட விடாமல் நிறுத்துவது மாமியாராக இருக்கலாம், கை நீட்டுவது கொழுந்தனாராக இருக்கலாம். ஆனால் ஏ.ஏ.எஸ்.-இல் 'யார்' என்று குறிக்கும் பட்டியல் அமெரிக்கப் பட்டியல்: கணவர், முன்னாள் கணவர், காதலர், அந்நியர், மற்றவர். அதில் மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன், பெண்ணின் சொந்தத் தாய் தந்தை, அண்ணன் தம்பி ஆகியோரைச் சேர்த்துவிடுங்கள். காதல் திருமணம் செய்த பெண்ணுக்கு ஆபத்து பிறந்த வீட்டிலிருந்தும் வரும்.

தாளின் கீழே முன்பக்கம், பின்பக்கம் என உடலின் வரைபடம் இருக்கும். அடிபட்ட இடத்தில் குறியிட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண்: மிரட்டல் 1, காயமில்லாத அறையும் தள்ளலும் 2, குத்து, உதை, கன்றிப்போதல் 3, கடும் அடி, தீக்காயம், எலும்பு முறிவு 4, தலைக்காயம், உள்காயம், நிரந்தரச் சேதம் 5, ஆயுதம் 6. பலர் இந்தப் படத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பிணி விஷயத்தில் விடக்கூடாத பகுதி இதுதான். வயிற்றில் விழுந்த அடி நஞ்சுக்கொடி பிரிவதற்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம். வயிற்றில் குறி விழுந்தால் மதிப்பெண் 2 ஆனாலும் அன்றே ரத்தப்போக்கு, வயிற்று வலி, குழந்தையின் அசைவு மூன்றையும் கேட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

குறைகளும் உண்டு. முதல் கேள்வி பொத்தாம்பொதுவானது. 'துன்புறுத்தல்' என்று கேட்டால் நம் பெண்கள் சினிமாவில் வருகிற மாதிரி ஏதோ பெரிய கொடுமையைக் கேட்பதாக எண்ணி 'அப்படியெல்லாம் இல்ல சிஸ்டர்' என்பார்கள். செயலைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் மாறும். இப்படிக் கேட்பது நடைமுறையில் எடுபடுகிறது:

"இங்க வர்ற எல்லா அம்மாக்கள்கிட்டயும் இதைக் கேக்குறோம். வீட்டுல அடிதடி இருந்தா வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் பாதிப்பு. சொல்ல இஷ்டம் இல்லைன்னா விட்டுடலாம். இந்தப் பிள்ளை உண்டானதுக்கு அப்புறம் யாராச்சும் உங்க மேல கை நீட்டியிருக்காங்களா? அறைஞ்சது, எட்டி உதைச்சது, பிடிச்சுத் தள்ளினது, எதுவா இருந்தாலும்."

"குடிச்சா மட்டும்தான் சிஸ்டர். சும்மா ரெண்டு அறை. மத்தபடி நல்லாத்தான் பாத்துக்குவாரு."

இது 'ஆம்'. பெட்டியில் 'இல்லை' என்று குறிக்கப்படுவதும் இதேதான்.

மூன்று கேள்வியாகச் சுருக்கிய பதிப்பு ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது வாழ்நாள் கேள்வியையும் பயம் பற்றிய கேள்வியையும் விட்டுவிட்டது. பயக் கேள்வியை விடக்கூடாது என்பது எங்கள் கட்சி. கர்ப்பம் என்பதால் சில மாதங்களாக அடி நின்றிருக்கும், பயம் நின்றிருக்காது.

யார் கேட்பது, எங்கே கேட்பது

ஒரே கேள்விகளை அமெரிக்காவின் குடும்பக் கட்டுப்பாட்டு மையங்களில் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள், 1991ல். படிவத்தில் தாங்களே நிரப்பியவர்களில் சுமார் 7 சதவீதம் பேர் வன்முறை இருப்பதாகச் சொன்னார்கள். செவிலியர் நேரில் கேட்டபோது 29 சதவீதம். இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2006ல் வெளியான பெரிய ஒப்பீட்டில், நேருக்கு நேர் கேட்பதைவிடத் தாங்களே நிரப்புவதைத்தான் பெண்கள் விரும்பினார்கள். எனவே 'நேரில் கேட்டால் மட்டுமே உண்மை வரும்' என்று சூத்திரம் போட முடியாது. தனி அறையும் ஓரளவு படிப்பும் இருந்தால் தாள் வேலை செய்யும். பெஞ்சில் மாமியார் தோளை உரசி உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தாளும் வேலை செய்யாது.

மாமியாரை எப்படி வெளியே அனுப்புவது? 'தனியாகப் பேச வேண்டும்' என்று சொன்னால் அன்று இரவே வீட்டில் விசாரணை நடக்கும். எடை பார்ப்பது, சிறுநீர் மாதிரி, வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை, இந்த மூன்றில் ஒன்றைச் சாக்காக வைத்து உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். 'கூட வந்தவங்க வெளியே இருங்க' என்ற விதி எல்லாருக்கும் எல்லா நாளும் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. குழந்தையும் ஒரு சாட்சிதான். வீட்டு வன்முறை ஆய்வுகளுக்கான உலக சுகாதார அமைப்பின் நெறிமுறை 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை கூட இருந்தால் கேட்கக் கூடாது என்கிறது. 'அம்மா நர்ஸ்கிட்ட அப்பாவைப் பத்திச் சொன்னாங்க' என்பதைச் சொல்ல மூன்று வயதுப் பிள்ளை போதும்.

வீட்டுக்குப் போய்க் கேட்பவர்கள் வேறொரு கேள்வித்தாளைக் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும். யாராவது உள்ளே நுழைந்தால் பேச்சு உடனே இரும்புச் சத்து மாத்திரைக்கு மாற வேண்டும். ஆய்வுக்கு 'பெண்கள் நலம்' போன்ற பொதுப்பெயர் வையுங்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேளுங்கள்.

ஹிட்ஸ், ஹார்க், வாஸ்ட்

ஹிட்ஸ், குடும்ப மருத்துவர் கெவின் ஷெரின் குழுவினர் 1998ல் வெளியிட்டது. அடித்தல், அவமதித்தல், மிரட்டல், கத்துதல் என நான்கே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5, மொத்தம் 4 முதல் 20. பத்தைத் தாண்டினால் வன்முறை என்று கொள்வார்கள். வேகம் உண்டு. ஆனால் பாலியல் வன்முறை பற்றி மூல வடிவில் ஒரு கேள்விகூட இல்லை, கர்ப்பம் பற்றியும் இல்லை. கணக்கையும் கவனியுங்கள்: 'அவ்வப்போது அடிப்பார்' (3), மற்ற மூன்றும் 'அரிதாக' (2) என்று சொல்லும் கர்ப்பிணிக்கு 9 தான் வருகிறது. தாளின்படி அவருக்குப் பிரச்சினை இல்லை. மகப்பேறு பிரிவுக்கு இது உதவாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

ஹார்க், இங்கிலாந்தில் 2007ல் வந்தது. அவமானம், பயம், பாலியல் வற்புறுத்தல், உடல்ரீதியான அடி என நான்கு கேள்விகள், ஒரு 'ஆம்' போதும். ஹிட்ஸைவிடப் பல மடங்கு மேல். ஏ.ஏ.எஸ். கிடைக்காத இடத்தில் தாராளமாக எடுக்கலாம், ஆனால் துணைவரை மட்டுமே கேட்கிறது.

கனடாவின் வாஸ்ட்டில் முதல் இரண்டு கேள்விகள் உறவில் எவ்வளவு பதற்றம், வாக்குவாதத்தைத் தீர்ப்பதில் எவ்வளவு சிரமம் என்று மெதுவாகத் தொடங்கும். பேச்சைத் தொடங்கிவைக்க நல்லது. அந்த இரண்டோடு நிறுத்தும் சுருக்கப் பதிப்பு வேண்டாம். வாயே திறக்காத பெண்ணின் வீட்டில் வாக்குவாதம் எங்கிருந்து வரும்?

ஆய்வுக்கு

மர்ரே ஸ்ட்ராஸின் சி.டி.எஸ்.2 (தம்பதியருக்கிடையிலான சச்சரவை அளக்கும் கான்ஃப்ளிக்ட் டாக்டிக்ஸ் ஸ்கேலின் திருத்திய பதிப்பு) மொத்தம் 78 கேள்விகள், காசு கொடுத்து வாங்க வேண்டியது. யார் எதற்காக அடித்தார் என்ற பின்னணி இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் எடுக்கிறது என்ற குற்றச்சாட்டு அதன் மேல் பழையது, நியாயமானதும்கூட. முதுநிலை ஆய்வுக்கு உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு ஆய்வில் பயன்பட்ட பகுதியை எடுப்பதே சரி. 2005ல் வெளியான அந்த ஆய்வு 10 நாடுகளில் 24,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டது. கர்ப்பத்தின்போது அடி என்பது இடத்துக்கு இடம் 1 சதவீதத்திலிருந்து 28 சதவீதம் வரை மாறியது. அறைதல், தள்ளுதல், முடியைப் பிடித்து இழுத்தல், குத்துதல், உதைத்தல், கழுத்தை நெரித்தல், ஆயுதம் என்று ஒவ்வொரு செயலாகக் கேட்கும்; கர்ப்பத்தில் நடந்ததைத் தனியாகவும், வயிற்றில் அடித்தாரா என்பதைத் தனியாகவும் கேட்கும். குடும்ப நல ஆய்வின் கேள்விகளும் இதே பாணி என்பதால் உங்கள் எண்ணை மாநில எண்ணோடு ஒப்பிட முடியும்.

கெல்சி ஹெகார்டியின் காம்போசிட் அப்யூஸ் ஸ்கேல், 30 கேள்விகள், 7 மதிப்பெண் எல்லை. மெல்பர்னில் முதல் குழந்தை பெற்ற 1,500 தாய்மார்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு இதன் சுருக்கப் பதிப்பைத்தான் பயன்படுத்தியது. நீண்டகால ஆய்வுக்கு நல்ல கருவி. ஒரு முறை சந்திக்கும் பெண்ணிடம் முப்பது கேள்வி அதிகம்.

கருத்தடையிலும் கருவிலும் கட்டாயம்

மேலே சொன்ன எதுவும் தொடாத பகுதி இது. எலிசபெத் மில்லர் குழுவினர் வட கலிஃபோர்னியாவின் 5 குடும்பக் கட்டுப்பாட்டு மையங்களில் 16 முதல் 29 வயதுக்குட்பட்ட 1,278 பெண்களிடம் கேட்டு 2010ல் வெளியிட்டார்கள்: கர்ப்பமாகச் சொல்லி வற்புறுத்தப்பட்டவர்கள் 19 சதவீதம், கருத்தடையைக் கெடுத்துவிட்ட அனுபவம் 15 சதவீதம். அதிலிருந்து வளர்ந்த ரிப்ரொடக்டிவ் கோயர்ஷன் ஸ்கேல், மாத்திரையை ஒளித்தாரா, ஆணுறையை நடுவில் கழற்றினாரா, பிள்ளை பெறாவிட்டால் விட்டுப்போவேன் என்றாரா என்று கேட்கிறது.

தமிழ்நாட்டில் இதை வரிக்கு வரி பெயர்த்தால் கைக்கு ஒன்றும் கிடைக்காது. இங்கே கருத்தடை என்றால் பாதிக்கு மேல் பெண்களின் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைதான், மாத்திரையும் ஆணுறையும் சொற்பம். வற்புறுத்துபவரும் கணவர் மட்டுமல்லர். உத்தரப் பிரதேசத்தில் நடந்து 2019ல் வெளியான ஆய்வு கணவரையும் புகுந்த வீட்டாரையும் சேர்த்துக் கேட்டது. எட்டில் ஒரு பெண்ணுக்கு இந்த அனுபவம் இருந்தது, அதில் புகுந்த வீட்டாரின் பங்கு கணவரின் பங்குக்குக் குறையவில்லை. நம் பக்கம் கேட்க வேண்டியவை: காப்பர்-டி-யை எடுக்கச் சொல்லி யாராவது நெருக்கினார்களா, ஆண் பிள்ளை வேண்டும் என்று இன்னொரு கர்ப்பத்துக்குத் தள்ளினார்களா, கருவைக் கலைக்கச் சொல்லியோ கலைக்க விடாமலோ கட்டாயப்படுத்தினார்களா, ஆபரேஷன் செய்துகொள்வதை முடிவு செய்தது யார், பிரசவத்தோடு காப்பர்-டி வைத்திருந்தால் உங்களைக் கேட்டுத்தான் வைத்தார்களா. கடைசிக் கேள்வி மருத்துவமனைப் பக்கமும் விரல் நீட்டும் என்பதால் பலர் சேர்ப்பதில்லை. சேருங்கள்.

இங்கே செவிலியர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று. 18 வயது நிரம்பிய பெண்ணின் கருக்கலைப்புக்கு அவர் கையெழுத்து மட்டும் போதும், கணவர் கையெழுத்தைக் கருக்கலைப்புச் சட்டம் கேட்கவில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு பாலியல் வன்முறைக்கு ஆளானவர் போன்ற சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு 24 வாரம் வரை அனுமதி உண்டு. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குக் கணவரின் வல்லுறவும் அதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 'கணவரைக் கூட்டிட்டு வாம்மா' என்று திருப்பி அனுப்பினால், எந்தக் கையிலிருந்து தப்பிக்க வந்தாரோ அந்தக் கையிலேயே ஒப்படைத்ததாக ஆகும்.

ஆபத்தை அளக்கும் தாள்

'ஆம்' என்று சொன்ன பிறகு எடுக்க வேண்டியது ஜாக்குலின் கேம்பெலின் டேஞ்சர் அசெஸ்மென்ட். 20 கேள்விகள், கூடவே கடந்த ஓராண்டின் காலண்டர். எந்தெந்த நாள் அடி, எவ்வளவு கடுமை என்று அந்தப் பெண்ணே குறிக்க வேண்டும். தீபாவளி, சம்பள நாள், வளைகாப்பு என்று நாள் நினைவுக்கு வர வர அடி அடிக்கடி ஆகியிருப்பதை அவரே பார்த்துத் திகைப்பது உண்டு. இதில் 'ஆம்'களை எண்ணினால் மட்டும் போதாது, சில கேள்விகளுக்குக் கூடுதல் எடை உண்டு. 8க்குக் கீழ் இருந்தாலும் 'ஆபத்து இல்லை' என்று பொருளில்லை. 8 முதல் 13 கூடிய ஆபத்து, 14 முதல் 17 கடுமை, 18ம் அதற்கு மேலும் உச்சம். தாள் இலவசம், மதிப்பெண் போடப் பயிற்சி எடுக்க வேண்டும்.

கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா என்பது இதில் தனிக் கேள்வி. கழுத்தை நெரித்தாரா என்பது இன்னொன்று. முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல் என்று 2008ல் வெளியான ஆய்வு காட்டியது. கழுத்தில் தடம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்க வலிக்கிறதா, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்து மருத்துவரிடம் அனுப்புங்கள். துப்பாக்கி பற்றிய கேள்வி இங்கே பெரும்பாலும் வெறுமனே 'இல்லை'தான். மண்ணெண்ணெய், பெட்ரோல், அரிவாள் பற்றித் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணில் கலக்காதீர்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

எடின்பரோ அளவுகோல், 1987. ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சாகோவ்ஸ்கி. 10 கேள்விகள், கடந்த 7 நாள் பற்றி, 0 முதல் 30. தமிழிலும் சோதிக்கப்பட்ட பதிப்பு இருக்கிறது, புதிதாக மொழிபெயர்க்கத் தேவையில்லை. பொதுவாக 13 மனச்சோர்வின் எல்லை, விடுபடாமல் பிடிக்க 10. கோவா ஆய்வில் 12ஐ எல்லையாக வைத்தார்கள். 2002ல் வெளியான அந்த ஆய்வில் பிரசவமான தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் 359 பெண்களைப் பின்தொடர்ந்து அதே ஆண்டு வெளியான ஆய்வு, புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம் என்றது. ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடு உறவு சரியில்லாதது, உடன் உதவிக்கு ஆள் இல்லாதது எல்லாம் அங்கே காரணங்களாகத் தெரிந்தன.

தவறு நடப்பது மூன்று இடத்தில். 1, 2, 4 ஆகிய கேள்விகளுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் தலைகீழாக 3, 2, 1, 0. எல்லாவற்றுக்கும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால் நன்றாக இருப்பவர் நோயாளியாகவும் நோயாளி நலமாகவும் தெரிவார்கள். அடுத்தது ஏழாவது கேள்வி: மனம் சரியில்லாமல் தூக்கம் வரவில்லையா என்பது. 'பிள்ளை விடிய விடிய அழுது சிஸ்டர்' என்று பதில் வரும். பிள்ளை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டுத்தான் குறிக்க வேண்டும். மூன்றாவது, பத்தாம் கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம். மொத்தம் 4 வந்தாலும் சரி, இதில் 1 விழுந்தால் அன்றே பேச வேண்டும், தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416.

இந்தத் தாள் வன்முறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காது. கணவரின் வன்முறைக்கு ஆளான தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மதிப்பெண் உயர்ந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல் ஏ.ஏ.எஸ்.-ஐ மீண்டும் எடுங்கள்.

எப்போது கேட்பது என்பதில் நம் ஊர் ஆய்வுகள் ஏமாந்துபோகும் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு நெறிமுறையைப் பார்த்து 6ஆம் வாரத்தில் கேட்பார்கள். தலைப்பிரசவம் என்றால் பெண் வளைகாப்புக்குப் பின் தாய் வீட்டுக்குப் போயிருப்பார், பிள்ளை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் திரும்புவார். 6ஆம் வாரத்தில் 'இல்லை' என்பது உண்மையான பதில்தான், ஏனென்றால் அடிப்பவர் வேறு ஊரில் இருக்கிறார். 'பிள்ளை பிறந்தால் வன்முறை குறைகிறது' என்று முடிவு எழுதிய ஆய்வேடுகளைப் படிக்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 6, 10, 14 வாரத் தடுப்பூசி வருகைகளில் எடின்பரோவை எடுங்கள். வன்முறைக் கேள்வியை 9ஆம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு வரும்போது மறுபடி கேளுங்கள், 'புகுந்த வீட்டுக்குத் திரும்பின பிறகு' என்று காலத்தைக் குறிப்பிட்டு. மெல்பர்னில் தாய்-சேய் நலச் செவிலியர்கள் 3, 4 மாத வருகையின்போது, களைப்பு, தூக்கம் போன்ற தாயின் உடல்நலக் கேள்விகளோடு வன்முறைக் கேள்வியையும் சேர்த்து ஒரே தாளாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தாய்க்கும் கூச்சம் குறைவு, செவிலியருக்கும் குறைவு. நாமும் எடுத்துக்கொள்ளத் தக்க வடிவம்.

எந்தத் தாளிலும் இல்லாத ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களோடு சேர்த்து 18,000 ரூபாய். அதில் பணமாக வருவது தாயின் கணக்குக்குத்தான் போகிறது, அதை எடுப்பவர் பல வீட்டில் வேறு ஆள்.

'ஆம்' வந்த பிறகு

இதற்கு வழி வைக்காமல் கேட்பதே தவறு. 2013ல் வந்த உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலும் எல்லாரிடமும் கண்மூடித்தனமாகக் கேட்கச் சொல்லவில்லை. தனியிடம், பயிற்சி, ரகசியம், அனுப்பிவைக்க இடம் இவை இருந்தால் கர்ப்பகாலப் பரிசோதனையில் கேட்கலாம் என்கிறது. குறைந்தபட்சம் 181 மகளிர் உதவி எண், மாவட்டத்தின் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தின் எண், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் எண் மூன்றும் மேசையில் இருக்க வேண்டும். சகி மையத்தில் பிள்ளையோடு 5 நாள் வரை தங்கலாம், ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி நடுவர் நீதிமன்றம் அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடலாம், அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் பெண்ணுக்கு உண்டு. இலவச சட்ட உதவிக்கு 15100. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட கர்ப்பிணி என்றால் போக்சோ சட்டப்படி தகவல் தர வேண்டிய கடமை இருக்கிறது. கேட்கும் முன்பே அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

எழுதும் இடத்தில் கவனம் வேண்டும். தாய்-சேய் நல அட்டை வீட்டுக்குப் போகிறது, அதில் ஒரு எழுத்தும் கூடாது. ஸ்கேன் சீட்டிலும் கூடாது. மருத்துவமனைக் கோப்பில் அந்தப் பெண் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். காயம் எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம். 'கணவன் தாக்கியதாகக் கூறப்படுகிறது' என்று வழவழவென்று எழுதினால் நீதிமன்றத்தில் உதவாது. கர்ப்பப் பதிவில் இருக்கும் கைபேசி எண் பெரும்பாலும் கணவருடையது. திரும்ப அழைக்கும் முன் 'எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு' என்று கேட்டு வாங்குங்கள்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. எடின்பரோ தாளை, உருவாக்கியவர் பெயரையும் முதலில் வெளியான இடத்தையும் அச்சிட்டால் அனுமதி வாங்காமல் நகலெடுக்கலாம். ஹிட்ஸுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஏ.ஏ.எஸ்.-ஐ ஏ4 தாளில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் உடல் வரைபடம் என்று அச்சிடுங்கள். சிறிய தாளில் சுருக்கினால் வயிறும் இடுப்பும் ஒன்றாகிவிடும். தலைப்பில் 'வன்முறை' என்ற சொல் வேண்டாம். பெண்ணின் பெயருக்குப் பதில் பதிவு எண், பூட்டுள்ள அலமாரி, சாவி இரண்டு பேரிடம்.